இறங்காத சீட்டும் ஒரு பழைய ரேஸ் சைக்கிளும்

நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளுக்கும் காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்களுக்கும் பின்னால், ஒரு ரேஸ் சைக்கிள் பல வருடங்களாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. இரண்டு டயர்களிலும் காற்று இல்லை. பக்கவாட்டு ரப்பர் வெடித்து உள்நூல் தெரிந்தது. ஆட்டுக்கிடாக் கொம்பைப் போல வளைந்த ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த துணி நாடா பாதி அவிழ்ந்து தொங்கியது. கழுத்துக் குழாயின் மேலிருந்த தூசியை ஒரு விரற்கடை அகலத்துக்குத் துடைத்துப் பார்த்தேன். அடியில் ஆழ்ந்த நீல நிறமும், இரண்டு குழாய்கள் சேரும் இடத்தை மூடிய லக்கின் நுனியும் தெரிந்தன. அந்த நுனியை யாரோ அரத்தால் பொறுமையாகச் சீவி, வேல் முனைபோல ஒடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு அந்தப் படிக்கட்டைச் சும்மா கடந்துபோவது எனக்குக் கடினமாகிவிட்டது.

இப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டதும் மனத்தில் எழுவது 'இதை மீட்க முடியுமா' என்ற கேள்வி. அதற்குப் பெரும்பாலும் 'முடியும்' என்றுதான் பதில் வரும். நேரமும் கருவிகளும் செலவழிக்க மனமும் இருந்தால் ஏறக்குறைய எந்தச் சைக்கிளையும் ஓட வைத்துவிடலாம். கேட்க வேண்டியது, மீட்கும் உழைப்புக்கு அது தகுமா என்பது. இதுவரை நான் மூன்று பழைய ரேஸ் சைக்கிள்களை எடுத்திருக்கிறேன்; அவற்றைவிட அதிகமானவற்றைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டு வந்திருக்கிறேன். எடுத்த மூன்றில் ஒன்றை எடுத்திருக்கக் கூடாது. இந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுண்டு: துரு, பெயின்ட், பெயர் ஆகிய மூன்றையும் பார்த்தே பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள், ஆனால் ஒரு வண்டியின் தலைவிதியைத் தீர்மானிப்பதில் அந்த மூன்றுக்கும் மிகக் குறைந்த பங்குதான் இருக்கிறது. வண்டி நம் உயரத்துக்குப் பொருந்துகிறதா, ஃபிரேம் நேராக இருக்கிறதா, இறுகிப்போனவை அசையுமா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், அது யாருடையது என்று தெரிய வேண்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிக்குச் சொந்தக்காரர் இல்லை என்று நாமாக முடிவு கட்டுவது தவறு. அது திருட்டுப்போன வண்டியாகவும் இருக்கலாம். பெரும்பாலான ஃபிரேம்களில் பெடல் அச்சு ஓடும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கூட்டின் அடிப்பக்கத்தில் ஒரு வரிசை எண் குத்தப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, காணாமல்போன வண்டிகளைப் பதிவுசெய்யும் இடங்களில் விசாரிக்கலாம். நான் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஹேண்டில்பாரில் என் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டிவிட்டு ஆறு வாரம் காத்திருப்பது என்று முடிவுசெய்தேன். ஐந்தாவது வாரம், முன்பு அதே கட்டடத்தில் குடியிருந்து வேறு ஊருக்குப் போய்விட்ட பெரியவர் ஒருவர் அழைத்தார். குரலில் வியப்பு இருந்தது.

"அந்த வண்டியா? தாராளமா எடுத்துக்கோ தம்பி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் தம்பி ஒரு தடவ வாங்கிட்டுப் போயி, அவன் உயரத்துக்கு சீட்ட ஏத்தி வெச்சான். ரெண்டு மழைக்காலம் கழிச்சுத் திருப்பிக் குடுத்தான். அதுக்கப்புறம் சீட்டு எறங்கவே இல்ல. எனக்குக் கால் எட்டல, அப்படியே விட்டுட்டேன்."

வண்டியைப் பற்றி எனக்குத் தேவையான தகவல்களில் பாதியை அவர் கடைசி நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

உயரப் பொருத்தத்தை முதலில் வைக்கிறேன். அதற்குக் காரணம் நான் தவறாக எடுத்த அந்த வண்டி. இத்தாலியில் செய்த ஃபிரேம், பளபளக்கும் குரோமிய ஃபோர்க், எழுத்துகள் அழியாத ஸ்டிக்கர் எல்லாம் இருந்தும், அது எனக்கு வேண்டியதைவிட நான்கு சென்டிமீட்டர் பெரிது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கிக்கொள்ளலாம், சீட்டை முன்னால் தள்ளிக்கொள்ளலாம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு கோடைகாலம் முழுவதும் அதைக் கழற்றிக் கோத்தேன். எல்லாம் முடிந்து ஏறி ஓட்டியபோது கைகள் எட்டாமல் தோள்பட்டை இழுத்தது. சிக்னலில் நிற்கும்போது மேல் குழாய் கவட்டில் இடித்தது. சீட்டைக் கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம். குழாயின் நீளத்தை யாரும் குறைக்க முடியாது. அந்த வண்டியை என்னைவிட உயரமான நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் இன்றும் ஓட்டுகிறார், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கோடையின் உழைப்பை வேறு வண்டிக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இப்போதெல்லாம் முதலில் அளவு நாடாவை எடுக்கிறேன். பி.பி. கூட்டின் நடுவிலிருந்து சீட்டுக் குழாயின் உச்சிவரை ஓர் அளவு, கழுத்துக் குழாயின் நடுவிலிருந்து சீட்டுக் குழாயின் நடுவரை இன்னோர் அளவு. நான் வசதியாக ஓட்டும் வண்டியின் அளவுகளோடு இவை இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகாவிட்டால், ஃபிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நீல வண்டியின் மேல் குழாய் என் வண்டியினுடையதைவிட அரை சென்டிமீட்டர் மட்டுமே நீளம்.

அடுத்தது, ஃபிரேம் அடிபட்டிருக்கிறதா என்ற சோதனை. முன்சக்கரம் எதிலாவது நேராக மோதியிருந்தால், அந்த வேகத்தை ஃபோர்க்கும் கழுத்துக் குழாய்க்குப் பின்னாலுள்ள இரண்டு குழாய்களும் வாங்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத மடிப்பும் விரலுக்குத் தெரியும் என்பதால், கழுத்துக் குழாயை ஒட்டி, மேல் குழாயின் அடிப்பக்கத்திலும் கீழ்க் குழாயின் அடிப்பக்கத்திலும் கட்டைவிரலை அழுத்தி மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருமுறை, விற்பவர் 'புதுசு மாதிரி' என்று சொன்ன வண்டியின் கீழ்க் குழாயில், லக்கின் நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, அரிசி அளவு மேடு ஒன்று என் விரலில் தட்டியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அதன்மேல் பெயின்ட் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஃபோர்க்கைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். பழைய ரேஸ் ஃபோர்க்குகள் கீழ்ப்பகுதியில் முன்னோக்கி வளைந்திருக்கும். ஆனால் மேல்பகுதி, கழுத்துக் குழாயின் சாய்வை அப்படியே நீட்டியதுபோல நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். அந்தக் கோடு பின்னோக்கி உடைந்திருந்தால் அந்த வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

பின்பகுதி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆக்சில் அமரும் ஒரு பக்கத்து வாயில் நூலைக் கட்டி, கழுத்துக் குழாயைச் சுற்றி இழுத்து, மறுபக்கத்து வாயில் விறைப்பாகக் கட்ட வேண்டும். பிறகு சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பின்பகுதி நடுவில் நிற்கிறது என்று பொருள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் ஸ்டீல் ஃபிரேமில் கவலைப்படத் தக்கதன்று. கோட்டம் எடுக்கத் தெரிந்த கை அதை வளைத்துச் சரிசெய்துவிடும். நீல வண்டியில் இரு பக்கமும் ஒரே அளவு வந்தது. நம்பாமல், நூலை அவிழ்த்து மீண்டும் கட்டி அளந்தேன். அப்போதும் அதே அளவுதான்.

இந்தப் பேச்சு முழுவதும் ஸ்டீல் ஃபிரேமைப் பற்றியது. அலுமினியத்தை அப்படி வளைத்துச் சரிசெய்ய முடியாது. மேலும், எவ்வளவு சிறிய சுமையானாலும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது அலுமினியத்தின் சோர்வு கூடிக்கொண்டே போகும். ஸ்டீலுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழான சுமையை அது காலமெல்லாம் தாங்கும். 1979-இல் வந்த விட்டஸ் 979 போன்ற ஃபிரேம்களில் அலுமினியக் குழாய்களை லக்குகளில் பசையால் ஒட்டினார்கள். நாற்பது ஆண்டு கடந்த அந்தப் பசை இன்னும் பிடிக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அவை எடை குறைந்த, அழகான வண்டிகள். எனினும் வரலாறு தெரியாமல் மாடிப்படிக்கு அடியில் கிடைத்த ஒன்றில் ஏறி, மேட்டிலிருந்து வேகமாக இறங்க எனக்குத் துணிவில்லை. இதே காரணத்தால், ஃபிரேம் ஸ்டீலாக இருந்தாலும், அதில் உள்ள பழைய அலுமினிய ஹேண்டில்பாரை நான் எப்போதும் மாற்றிவிடுகிறேன். அது ஸ்டெம்முக்குப் பக்கத்தில் முறிந்தால் முகம்தான் தரையில் படும்.

துருவைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் அளவுக்கு மீறியது. பெயின்ட் உரிந்த இடத்தில் செம்பழுப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் மேல்தோல் துரு. ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் கரைந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். குரோமியத்தின் மேல் புள்ளிபுள்ளியாக இருக்கும் துருவை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தே எடுத்துவிடலாம். அஞ்ச வேண்டியது உள்ளிருந்து வரும் துருவுக்கு. சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் பி.பி. கூட்டில் தேங்குகிறது, அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்களான செயின் ஸ்டேக்களின் உட்புறம் ஈரம் உலராமல் அரிக்கிறது. இவ்வகைக் குழாய்களின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள்தான் தடிமன் கொண்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், உள்ளே கால் மில்லிமீட்டர் அரிப்பு எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும். பெயின்ட் கொப்புளமாக எழும்பிய இடங்களில் கோணி ஊசியால் குத்திப் பார்க்கிறேன். ஊசி வழுக்கினால் நல்லது. பதிந்தால், அல்லது உள்ளே போனால், அந்த ஃபிரேம் முடிந்துவிட்டது. குழாயைச் சாவியால் தட்டினால் வரும் ஓசையும் உதவும். நல்ல குழாய் மணிபோல ஒலிக்கும், அரித்த இடம் மண்பானைபோலச் சொத்தென்று கேட்கும்.

இவ்வளவும் தேறிய பிறகுதான் அந்த வண்டி என்ன வண்டி என்ற கேள்விக்கு வருகிறேன். பலர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கீழ்க் குழாயில் பெரிதாக எழுதியிருக்கும் பெயரைவிட, சீட்டுக் குழாயில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர் அதிகம் சொல்லும். குழாயின் முனைகளைத் தடிமனாகவும் நடுவை மெல்லியதாகவும் இழுக்கும் முறைக்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் குடும்பம் 1897-இல் காப்புரிமை பெற்றது. 1935-இல் அவர்கள் வெளியிட்ட 531 என்ற மாங்கனீஸ்–மாலிப்டினம் கலப்பு எஃகு, பல பத்தாண்டுகள் நல்ல ரேஸ் சைக்கிளின் அடையாளமாக இருந்தது. இத்தாலியின் கொலம்பஸும் ஜப்பானின் டாங்கேயும் இஷிவாட்டாவும் அதே தரத்தில் குழாய் செய்தன. ஆனால் நான் கண்டெடுத்த வண்டியில் எந்த ஸ்டிக்கரும் இல்லை.

ஸ்டிக்கர் இல்லாத இடத்தில் வெர்னியர் அளவுகோல் பேசும். சீட்டுக் குழாயின் வெளி விட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ.; அதற்குள் போகும், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டின் விட்டத்தை அளந்தால் குழாயின் சுவர் எவ்வளவு மெல்லியது என்று கணக்கிட்டுவிடலாம். 27.2 மி.மீ. போஸ்ட் என்றால், வித்தியாசம் 1.4, பக்கத்துக்கு 0.7, போஸ்ட் வழுக்கி இறங்கத் தேவையான இடைவெளியைக் கழித்தால் சுவர் ஏறத்தாழ 0.6 மி.மீ. அது இழைத்துச் செய்த நல்ல குழாய். போஸ்ட் 25.8 என்றால் சுவர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்; அது தண்ணீர்க் குழாயைப் போலத் தடித்த, மலிவான குழாய். நீல வண்டியின் இறங்காத போஸ்ட், சீட்டுக்குக் கீழே ஒரு சாண் வெளியே நின்றுகொண்டிருந்தது. துடைத்துவிட்டு வெர்னியரை வைத்தேன். 27.2 காட்டியது. மாடிப்படிக்கு அடியில் குந்தியிருந்த எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது.

ஆக்சில் அமரும் வாயும் சாட்சி சொல்லும். நல்ல வண்டியில் அது அடித்து உருவாக்கிய தடித்த எஃகாக இருக்கும். கியர் மாற்றியைத் தாங்கும் காது அதனோடு ஒரே துண்டாக இணைந்திருக்கும். மலிவான வண்டியில் தகட்டை வெட்டி ஒட்டியிருப்பார்கள். கியர் மாற்றி தனிக் கொக்கியில் தொங்கும். பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க், 'காட்டர் பின்' என்ற ஆப்பை அடித்து இறுக்கியதா, சதுர அச்சில் போல்ட்டால் இறுக்கியதா என்பதும் ஒரு குறிப்பு. வயதைக் கண்டுபிடிக்க உதிரிப் பாகங்கள் உதவும். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பொறித்து வந்தது, முதல் எழுத்து ஆண்டு, 1976-க்கு 'ஏ' என்று தொடங்குவது, இரண்டாவது மாதம். என் வண்டியின் கிராங்கின் உட்புறத்தில், கறுத்த கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்தபோது 'ஜி', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகள் தெரிந்தன. 1982, மே மாதம். கிராங்கின் வயதுதான் ஃபிரேமின் வயது என்று சொல்ல முடியாது; ஆனால் மற்ற பாகங்களும் அதே ஆண்டைச் சுட்டியதால் அவை ஒன்றாகப் பிறந்தவை என்று நம்பலாம்.

அந்த ஆண்டுக்கு ஒரு பொருள் உண்டு. கியர் 'டிக்' என்று தானாகப் போய் விழும் முறையை ஷிமானோ தன் உயர்தர டூரா-ஏஸ் வரிசையில் 1984-இல்தான் கொண்டுவந்தது. பிரேக் பிடியிலேயே கியரை மாற்றும் வசதி 1990-ஐ ஒட்டி வந்தது. ஆகவே 1982-இன் வண்டியில் கீழ்க் குழாயில் இரண்டு சிறு நெம்புகள் இருக்கும். கையைக் கீழே விட்டு, செயின் சரியான பல்லில் அமர்ந்துவிட்டதைக் காதால் கேட்டு அறிந்து ஓட்ட வேண்டும். இது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் நெரிசலில் ஓட்டப் போகிறவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். இத்தாலியின் கயோலே என்ற ஊரில் 1997-இல் தொடங்கிய லெரோய்கா என்ற பழைய சைக்கிள் பயணத்தில், 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்களே விதிப்படி தகுதி பெற்றவை; கீழ்க் குழாயில் நெம்பு, காலைக் கட்டும் வாரோடு கூடிய பெடல், ஹேண்டில்பாருக்கு வெளியே ஓடும் பிரேக் கம்பி என்பவை அதன் அடையாளங்கள். நீல வண்டியில் இவை மூன்றும் இருந்தன.

பழைய வண்டியில் ஆளைத் திணறடிப்பது மரையும் அளவுகளும். இங்கிலாந்து முறையில் பி.பி. கூட்டில் திருகும் கப்பின் விட்டம் 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ.; பிரெஞ்சு முறையில் 35 மி.மீ.; இத்தாலிய முறையில் 36. முதல் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பொருந்தாத கப்பை வலுக்கட்டாயமாகத் திருகினால் ஃபிரேமின் மரை போய்விடும். அதைவிடச் சிக்கலானது திருகும் திசை. இங்கிலாந்து முறையில் செயின் பக்கத்துக் கப் இடம்சுற்று மரை கொண்டது; பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இரு பக்கமும் வலம்சுற்று. இதை அறியாமல், கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி, ஸ்பேனர் வழுக்கிக் கைமுட்டியைப் பெயர்த்துக்கொண்டவன் நான். பழைய பிரெஞ்சு வண்டி ஒன்றை எடுக்க நினைப்பவர், அதன் பி.பி., ஹேண்டில் ஸ்டெம், பெடல் ஆகியவற்றின் உதிரிகள் தமக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டே எடுக்க வேண்டும். ஜப்பானிய வண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்து மரையையே பின்பற்றியவை; ஷிமானோ பாகங்கள் கொண்ட என் வண்டியும் அவ்வகையே என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

சக்கரங்களில் இரண்டு செய்திகள் போதும். ரிம் ஸ்டீலா அலுமினியமா என்று காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீல் ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது பயமளிக்கும் அளவுக்குக் குறைந்துவிடும் என்பதால் அதை மாற்றத்தான் வேண்டும். இரண்டாவது, ரிம் 27 அங்குலமா 700சி-யா என்பது. பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றினாலும், டயர் அமரும் விட்டம் ஒன்றில் 630 மி.மீ., மற்றதில் 622. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27 அங்குல டயர்களில் தேர்வு குறைந்துவிட்டது. 700சி-க்கு மாறுவதானால் பிரேக் கட்டை நான்கு மில்லிமீட்டர் கீழே இறங்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீல வண்டியில் 27 அங்குல அலுமினிய ரிம். பிரேக் கட்டை இறங்க ஐந்து மில்லிமீட்டர் இடம் இருந்தது.

இவை போக, எந்தப் பழைய வண்டியை எடுத்தாலும் மாற்றியே தீர வேண்டியவை உண்டு: டயர், ட்யூப், பிரேக் கட்டை, எல்லாக் கம்பிகளும் அவற்றின் உறைகளும், செயின், ஹேண்டில் நாடா, எல்லா இடத்துப் பால்ரஸ் குண்டுகளும் கிரீஸும். கல்லாகிவிட்ட பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வாமல் வழுக்கும். பழைய செயினில் பன்னிரண்டு முழு இணைப்பு (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும்; அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் அது தேய்ந்துவிட்டது. 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் எண்ணெய் விட்டாப் போதும்' என்று யார் சொன்னாலும் இந்தப் பட்டியலை மனத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும். பெரும்பாலும் இந்தச் செலவு, அந்த வண்டியை யாராவது வாங்கினால் கொடுக்கும் விலையைத் தொட்டுவிடும். ஆகவே லாபத்துக்காக மீட்பதில் பொருளில்லை என்று நினைக்கிறேன். நாமே ஓட்டுவதற்கு என்றால் அந்தக் கணக்கு வேறு.

இனி இறுகிப்போனவற்றுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் நல்ல ஃபிரேம்கள் குப்பைக்குப் போவதற்கு முதற்காரணம் இதுதான். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட் இருக்கிறது. நடுவில் மழைத் தண்ணீரோ வியர்வையின் உப்போ சேர்கிறது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள், இடையில் உப்புநீர்: அது ஒரு சிறு மின்கலம். அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாகிறது. அந்தப் பொடி, தான் தோன்றிய உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு இடைவெளியை அடைத்து இறுகுகிறது. கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் இது நேர்ந்திருக்காது. பெரியவருடைய தம்பி சீட்டை ஏற்றியபோது கிரீஸ் தடவவில்லை; அதன்பின் இரண்டு மழைக்காலம். மாடிப்படிக்கு அடியில் அந்த வண்டி ஏன் நின்றது என்பதன் முழு விடையும் அதுதான்.

ஹேண்டில் ஸ்டெம்மும் இப்படி இறுகும் என்பதால் அதை முதலில் பார்த்தேன். மேலே உள்ள போல்ட்டை நாலைந்து சுற்று தளர்த்தி, அதன் தலைமேல் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளிருந்த ஆப்பு இறங்கி ஸ்டெம் சுழன்றது. சீட் போஸ்ட் அப்படி இல்லை. கிளாம்ப் போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டுச் சீட்டைப் பிடித்து முறுக்கினால், ஃபிரேமும் சேர்ந்து திரும்பியது.

எனக்கு நானே ஒரு கெடு வைத்துக்கொண்டேன்: இரண்டு வாரம். அதற்குள் அசையாவிட்டால் போஸ்ட்டை அறுத்துவிட்டு, உள்ளிருக்கும் துண்டை ரம்பத் தகட்டால் நீளவாக்கில் கீறி எடுப்பது. அந்த வேலையில் 0.6 மி.மீ. சுவரைக் கீறிவிட வாய்ப்பு உண்டு என்பதால் அது கடைசி வழி. காஸ்டிக் சோடாவால் அலுமினியத்தைக் கரைத்துவிடலாம் என்பார்கள். கரையும், கூடவே பெயின்ட்டும் போகும், தோலும் வேகும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். வீட்டில் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பி.பி. அச்சைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். இரவில், தலைகீழானதால் மேலே வந்துவிட்ட பி.பி. கூட்டின் துளை வழியாக, துருநீக்கும் எண்ணெயைச் சீட்டுக் குழாய்க்குள் விடுவேன்; காலையில் வண்டியை நிமிர்த்தி, கிளாம்ப்பின் பிளவு வழியாக மேலிருந்து விடுவேன். வெப்பத்தில் அலுமினியம் ஸ்டீலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், குளிரில் அதேபோல் சுருங்கும். ஆகவே மாலைதோறும் குழாயைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைக் கட்டி, பிறகு போஸ்ட்டின்மேல் பனிக்கட்டி மூட்டையைக் கட்டுவேன். கணக்குப் போட்டால், ஐம்பது டிகிரி வித்தியாசத்துக்குக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கு. ஆனால் எண்ணெய்க்கு அது போதும் என்று நம்பினேன்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள், சீட்டைக் கழற்றிவிட்டு, போஸ்ட்டின் தலையை மேசையில் பொருத்திய வைஸில் கவ்வவைத்து, ஃபிரேமையே நெம்புகோலாகப் பிடித்து, அவசரப்படாமல், ஒரே சீரான அழுத்தம் கொடுத்தேன். ஃபிரேமை முறுக்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் இரண்டு முறை நிறுத்தினேன். மூன்றாம் முறை, உலர்ந்த கதவுக் கீல் போன்ற நீண்ட கிறீச் ஒலி கேட்டது. ஃபிரேம் ஓர் அரைக்கால் சுற்று திரும்பியிருந்தது. போஸ்ட் வைஸிலேயே நின்றது. இன்னும் எண்ணெய் விட்டு, இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் திருப்பி, முக்கால் மணி நேரத்தில் போஸ்ட்டை உருவினேன். அதன் மேல்தோல் வெண்பொடியும் பள்ளமுமாக, உப்புப் பூத்த சுவரைப்போல இருந்தது. 27.2 என்ற எண் அடிப்பகுதியில் பொறித்திருந்தது. குழாய்க்குள் விளக்கை இறக்கிப் பார்த்தேன்: செம்பழுப்பு மெல்லிய படலம், பள்ளம் எதுவும் இல்லை.

அன்று மாலையே பெரியவரை அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சுங்க ஐயா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, மேல் குழாயின் உச்சியிலிருந்து சீட்டு வரைக்கும் தன் உயரம் நான்கு விரற்கடை என்றும், தம்பி அதை ஒரு சாணாக ஏற்றிவிட்டான் என்றும், வண்டி ஓடத் தொடங்கியதும் ஒருமுறை கொண்டுவந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். புதுப் போஸ்ட்டை உள்ளே விடும்போது கிரீஸைத் தாராளமாகத் தடவினேன். அதில் என் உயரத்துக்கு ஒரு கோடும், பெரியவரின் நான்கு விரற்கடைக்கு இன்னொரு கோடும் கீறி வைத்திருக்கிறேன்.